முதல் ஐவரா, முடிக்கும் ஐவரா?

கூடைப்பந்து: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன: ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேர் பெரியவர்களா, பெஞ்சிலிருந்து எழுந்து வருபவர்களுக்கும் அதே மதிப்பு உண்டா? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ ஆட்டங்களில் அரங்க விளக்குகளை அணைத்து, ஐந்து பேரை மட்டும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அந்த ஐவரில் ஒருவராக இருப்பது அவ்வளவு முக்கியமா?
— வாசகர், ஈரோடு

முதலில் நிமிடக் கணக்கைப் பார்ப்போம். என்பிஏ ஆட்டம் 48 நிமிடம். களத்தில் எப்போதும் ஐந்து பேர், ஆக ஓர் அணிக்குப் பங்கிட இருப்பது 240 நிமிடம். தொடங்கும் ஐவரும் முதல் குவார்ட்டரில் (ஆட்டத்தின் முதல் கால் பகுதியில்) ஏறத்தாழ ஆறேழு நிமிடம் சேர்ந்து ஆடுவார்கள். பிறகு ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே என்று மாற்றம் தொடங்கிவிடும். மூன்றாவது குவார்ட்டர் தொடக்கத்திலும் அப்படியே. ஆக, அந்த ஐவர் ஒரு கூட்டணியாகக் களத்தில் இருப்பது 12 முதல் 14 நிமிடம். மீதி முப்பது நிமிடத்துக்கும் மேல் கலப்புக் கூட்டணிகள்தான் ஆடுகின்றன. வெற்றி தோல்வி பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

2011-12 சீசனில் ஓக்லஹோமா சிட்டி அணிக்கு ஆடிய ஜேம்ஸ் ஹார்டனைப் பாருங்கள். 62 ஆட்டங்களில் அவர் தொடக்க ஐவரில் இருந்தது இரண்டே முறை. ஆனால் ஆட்டத்துக்கு 31 நிமிடத்துக்கு மேல் களத்தில் நின்றார், சராசரி 16.8 புள்ளி. அவர் இடத்தில் தொடங்கியவர் தடுப்பாட்டக்காரரான தாபோ செஃபோலோஷா. காரணம் எளிது. கெவின் டுரான்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் இருவரும் களத்தில் இருக்கும்போது பந்து அவர்கள் கையில்தான் இருக்கும். அங்கே மூன்றாவதாக ஒரு பந்துக்காரர் நின்றால் பாதி நேரம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் பந்தை ஹார்டனிடம் கொடுத்தார்கள். ஆட்டத்தை முடிக்கும்போது மூவரும் சேர்ந்து நின்றார்கள். பெஞ்சிலிருந்து வருபவர்களில் சிறந்தவருக்குத் தரப்படும் சிக்ஸ்த் மேன் ('ஆறாவது ஆள்') விருது அந்த ஆண்டு அவருக்கே. அடுத்த சீசனில் ஹூஸ்டனுக்குப் போய் எல்லா ஆட்டத்தையும் தொடங்கினார், சராசரி 25.9 ஆனது. ஆள் அவரேதான், கையில் பந்து இருந்த நேரம்தான் வேறு.

ஆனால் 'தொடங்குவது வெறும் மரியாதை, அதில் ஒன்றுமில்லை' என்று சொல்பவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. தொடங்குபவருக்கு உடம்பு சூடாக இருக்கும், எதிரே நிற்பது யார் என்று முன்கூட்டியே தெரியும், பக்கத்தில் நிற்கும் நால்வரும் மாறமாட்டார்கள். என்பிஏவில் காசும் இதில் இருக்கிறது. இளம் வீரரின் முதல் ஒப்பந்தம் முடியும்போது, அவரைத் தக்கவைக்கும் உரிமைக்காக அணி முன்வைக்க வேண்டிய ஓராண்டுச் சம்பளத் தொகை உண்டு. அவர் 41 ஆட்டங்களைத் தொடங்கினாரா, அல்லது 2000 நிமிடம் ஆடினாரா என்பதைப் பொறுத்து அந்தத் தொகை ஏறும், இறங்கும். 82 ஆட்ட சீசனில் 41 என்பது சரிபாதி. இருபத்திரண்டு வயதுப் பையன் 'நான் ஏன் தொடங்கவில்லை' என்று கேட்டால், அதைத் தலைக்கனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

தொடக்க ஐவரை மாற்றியதால் மட்டுமே ஒரு கோப்பை கைமாறியதுண்டா?
— வாசகி, மதுரை

'மட்டுமே' என்று சொல்ல முடியாது. ஆனால் 2015 இறுதிச் சுற்று அதற்கு மிக அருகில் வரும்.

ஆந்த்ரே இக்வடாலா 2013-14வரை தன் என்பிஏ வாழ்க்கையில் ஆடிய எல்லா ஆட்டங்களையும் தொடங்கியவர். 2014-15இல் கோல்டன் ஸ்டேட் அணியின் புதிய கோச் ஸ்டீவ் கெர் அவரைப் பெஞ்சுக்கு அனுப்பி, ஹாரிசன் பார்ன்ஸைத் தொடக்க ஐவரில் வைத்தார். இக்வடாலா ஆடிய 77 ஆட்டங்களிலும் பெஞ்சிலிருந்துதான் வந்தார். அணி 67 வெற்றி பெற்றது. இறுதிச் சுற்றில் கிளீவ்லாண்ட் 2-1 என முந்தியபோது, நான்காவது ஆட்டத்தில் ஏழடி சென்டர் (கூடையடியில் ஆடும் உயரமானவர்) ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து, 6 அடி 6 அங்குல இக்வடாலாவை கெர் இறக்கினார். யோசனை சொன்னவர் அவருடைய உதவியாளர் நிக் யுரென். முந்தைய ஆண்டு இறுதிச் சுற்றில் சான் அன்டோனியோ அணி டியாகோ ஸ்பிளிட்டருக்குப் பதில் போரிஸ் டியாவை நடுவில் கொண்டுவந்ததைப் பார்த்துப் பிறந்த யோசனை அது.

உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கும் பண்டமாற்று. இதற்கு விலை உண்டு, அந்த விலையைக் கொடுக்கவும் செய்தார்கள். கிளீவ்லாண்டின் சென்டர் திமோஃபே மோஸ்கோவ் அன்று 28 புள்ளி குவித்தார், தொடக்கமே 7-0 என்று அவர்கள் பக்கம் போனது. கெர் பதறி மாற்றவில்லை. கூடையடியில் இரண்டு புள்ளி போனாலும், மறுபக்கம் ஐந்து பேரும் ஓடவும் எறியவும் கூடியவர்களாக இருந்ததால் தடுப்பவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. முடிவு 103-82. அடுத்த ஆட்டத்தில் மோஸ்கோவை ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆடவைக்க எதிரணி கோச்சுக்கே மனம் வரவில்லை. தொடர் 4-2. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் இக்வடாலா. வழக்கமான சீசனில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்காமல் அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர்.

இதோடு 2011 இறுதிச் சுற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். டல்லாஸ் அணியும் 1-2 எனப் பின்தங்கியிருந்தது. கோச் ரிக் கார்லைல் நான்காவது ஆட்டத்தில் டிஷான் ஸ்டீவன்சனை எடுத்துவிட்டு, குள்ளமான ஹோசே பரேயாவைத் தொடக்க ஐவருக்குக் கொண்டுவந்தார். அதன்பின் மூன்று ஆட்டமும் டல்லாஸுக்கே. பெஞ்சில் பரேயாவைவிடப் பெரிய ஸ்கோரரான ஜேசன் டெர்ரி இருந்தார். அவரைக் கார்லைல் தொடவில்லை. ஆறாவது ஆட்டத்தின் முதல் பாதியில் டல்லாஸின் நட்சத்திரம் டிர்க் நோவிட்ஸ்கி எறிந்த 12 ஷாட்டில் விழுந்தது ஒன்றே ஒன்று. அன்று அணியைத் தாங்கியது பெஞ்சிலிருந்து வந்து 27 புள்ளி எடுத்த டெர்ரிதான். பெஞ்சின் முதுகெலும்பை உருவித் தொடக்க ஐவரில் செருகியிருந்தால் அந்த இரவு யார் தாங்கியிருப்பார்கள்?

'ஆறாவது ஆள்' என்ற பதவியை யார் உண்டாக்கினார்கள்?
— வாசகர், தஞ்சாவூர்

பாஸ்டன் அணியின் கோச் ரெட் அவர்பாக். 1950களில் ஃபிராங்க் ராம்சியை, பின்னர் ஜான் ஹாவ்லிசெக்கை, வேண்டுமென்றே வெளியே உட்காரவைத்து, எதிரணி களைக்கும் நேரத்தில் இறக்கினார். விருது 1982-83இல்தான் வந்தது, முதலில் பெற்றவர் ஃபிலடெல்ஃபியாவின் பாபி ஜோன்ஸ். தொடங்கிய ஆட்டங்களைவிடப் பெஞ்சிலிருந்து வந்த ஆட்டங்கள் அதிகம் இருக்க வேண்டும் என்பதே தகுதி. ஜமால் கிராஃபோர்டும் லூ வில்லியம்ஸும் ஆளுக்கு மூன்று முறை வென்றிருக்கிறார்கள்.

எங்கள் கல்லூரி அணியில் ஒன்பது பேர் நம்பி ஆடவைக்கக் கூடியவர்கள். நல்ல ஐவரைத் தொடக்கத்தில் இறக்கி, பிறகு மொத்தமாக வெளியே எடுக்கிறேன். இரண்டாவது குவார்ட்டரில் ஒவ்வொரு முறையும் 10 புள்ளி பறிபோகிறது. என்ன செய்யலாம்?
— பயிற்சியாளர், திருச்சி

நோய் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 'மொத்தமாக'. ஐந்து பேரையும் ஒரே மூச்சில் மாற்றினால், பந்தைப் பாதுகாப்பாக மேலே கொண்டுபோகிறவர், ஷாட்டை உருவாக்கித் தருகிறவர், கூடையடியைக் காக்கிறவர் மூவரும் சேர்ந்து வெளியே போய்விடுகிறார்கள். உள்ளே வரும் ஐவரும் நல்ல ஆட்டக்காரர்களாகவே இருக்கலாம். ஆனால் ஷாட் எறியக் கிடைக்கும் 24 விநாடியில் 18 கடந்தபின் பந்தை யாரிடம் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. அவசர ஷாட், தவறிய பந்து தூரமாய்த் தெறிக்கும் நீண்ட ரீபவுண்ட், எதிரணி ஓடிப்போய்க் கூடையடியில் லே-அப். அந்தப் பத்துப் புள்ளி போகும் வழி இதுதான்.

நீங்கள் ஆடுவது ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி 40 நிமிட ஆட்டம், எனவே பங்கிட 200 நிமிடம். தொடங்குபவர்களில் மூவருக்குத் தலா 28, இருவருக்குத் தலா 26 என்று வைத்தால் 136. மீதி 64 நிமிடத்தை ஆறாவது ஆளுக்கு 24, ஏழாவதுக்கு 18, எட்டாவதுக்கு 14, ஒன்பதாவதுக்கு 8 என்று பிரியுங்கள்.

அடுத்து, உங்கள் பாயிண்ட் கார்டும் (பந்தை மேலே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) முதன்மை ஸ்கோரரும் (அதிகம் புள்ளி எடுப்பவர்) ஒரே நேரத்தில் பெஞ்சில் இருக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பாதியின் 20 நிமிடத்தை இப்படி ஓட்டலாம். ஸ்கோரர் முதல் 4 நிமிடம் ஆடிவிட்டு வெளியே வரட்டும், அந்த இடத்துக்கு ஆறாவது ஆள். 7ஆவது நிமிடத்தில் ஸ்கோரர் திரும்ப உள்ளே, பாயிண்ட் கார்டு வெளியே. இரண்டாவது குவார்ட்டரின் மூன்று நிமிடம் முடியும்வரை, அதாவது 13ஆவது நிமிடம்வரை, ஸ்கோரர் இரண்டாம் கட்ட ஆட்டக்காரர்களோடு நிற்பார். 13இல் பாயிண்ட் கார்டு திரும்பி வர, ஸ்கோரர் மூன்று நிமிடம் உட்காருவார். 16 முதல் 20வரை இருவரும் சேர்ந்து முடிப்பார்கள். ஆளுக்கு 14 நிமிடம், இரு பாதிக்கும் 28. இருவரில் ஒருவர் இல்லாத நொடியே கிடையாது. இழுபறி ஆட்டமென்றால் கடைசிக் குவார்ட்டரில் ஓய்வை ஒரு நிமிடம் குறையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஃப்ரீ த்ரோ முன் விளிம்பில் பட்டுத் திரும்பத் தொடங்கினால் கால் ஓய்ந்துவிட்டது என்று பொருள்.

முதன்மை ஸ்கோரரை நான்காவது நிமிடத்திலேயே எடுக்கச் சொல்வது பலருக்கு உறுத்தும். நன்றாகச் சூடேறும்போது எடுப்பதா என்று கேட்பார்கள். அவர் திரும்பி வரும்போது எதிரணியின் முதல் ஐவர் களைத்திருப்பார்கள், அல்லது அவர்களின் பெஞ்ச் களத்தில் இருக்கும். அந்த ஆறு நிமிடத்தில்தான் இந்த ஏற்பாட்டின் லாபமே இருக்கிறது.

நடைமுறையில் தவறும் இடம் ஒன்று உண்டு. ஃபிபா விதிப்படி மாற்றத்தைக் கேட்க வேண்டியவர் மாற்று ஆட்டக்காரரேதான். அவர் ஸ்கோர் எழுதும் அதிகாரிகளின் மேசைக்குப் போய்த் தெளிவாகக் கேட்டு, உள்ளே இறங்கத் தயாராக இருக்க வேண்டும். கோச் பெஞ்சிலிருந்து கத்தினால் செல்லாது. கடிகாரம் நின்று பந்து ஓய்ந்த நேரத்தில்தான் மாற்றம் கிடைக்கும் என்பதால், 7ஆவது நிமிடத்தில் வேண்டிய ஆளை, ஆட்டம் தொடங்கி 6 நிமிடம் 20 விநாடி ஆனதுமே மேசைக்கு அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நிமிடம் விசிலே ஊதாமல் ஓடி, உங்கள் திட்டம் முழுதும் நகர்ந்துவிடும். அப்படி ஆனால் இரண்டு டைம்-அவுட் இருக்கும் முதல் பாதியில் ஒன்றைச் செலவழிப்பதில் தவறில்லை.

கடைசி இரண்டு நிமிடத்துக்கு வேறு கணக்கு. நான்காவது குவார்ட்டரில் கடிகாரம் 2:00க்குக் கீழே வந்தபின், கூடை விழுந்தாலே கடிகாரம் நிற்கும். புள்ளியை விட்டுக்கொடுத்த அணி அப்போது ஆளை மாற்றலாம், அது மாற்றினால் எதிரணியும் மாற்றலாம். தடுப்பதற்கு ஒருவர், எறிவதற்கு ஒருவர் என்று மாற்றி மாற்றி இறக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. பத்து நிமிடம்கூட ஆடாத உங்கள் ஒன்பதாவது ஆள் ஃப்ரீ த்ரோவில் கெட்டிக்காரர் என்றால், அவருடைய நேரம் இதுதான்.

முதல் குவார்ட்டரிலேயே எங்கள் சென்டருக்கு இரண்டு ஃபவுல் ஆகிவிட்டால் பாதி ஆட்டம்வரை உட்காரவைக்கிறோம். இது சரியா?
— வாசகர், திருநெல்வேலி

ஃபிபாவில் ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே, என்பிஏவில் ஆறு. ஐந்து என்பதால் பயம் நியாயமானதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: நான்காவது நிமிடத்தில் எடுத்து இடைவேளைவரை வைத்திருந்தால் 16 நிமிடத்தை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேறினால்கூட அவ்வளவு இழப்பு வந்திருக்காது. ஆட்டம் முடியும்போது அவர் பெயரில் மூன்றே ஃபவுல் என்றால் அந்த 16 நிமிடம் வீண்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஆடவிடவும் வேண்டாம். உடனே வெளியே எடுத்து ஐந்தாறு நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு எதிரணியில் அதிகம் எறியாத ஆளைக் காக்கும் பொறுப்பைக் கொடுத்து இறக்குங்கள், அல்லது 2-3 ஜோனுக்கு (முன்னே இருவர், பின்னே மூவர் என ஆளுக்கு ஓர் இடத்தைக் காக்கும் தடுப்பு) மாறி அவரைக் கூடையடியில் நிறுத்துங்கள். கை மேலே நேராக இருக்க வேண்டும், பந்தை நோக்கிக் கீழே வெட்டக் கூடாது. பெரும்பாலான சென்டர்களுக்கு மூன்றாவது ஃபவுல் வருவது தாக்குதல் ரீபவுண்டுக்காக முதுகில் ஏறும்போதுதான். அதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். பதற்றத்தில் ஃபவுல் செய்கிற சுபாவக்காரர் என்றால் மட்டும் உங்கள் பழைய வழியே மேல்.

என் மகள் பள்ளி அணியின் முதல் ஐவரில் இருந்தாள். இந்த மாதம் பெஞ்சிலிருந்து வருகிறாள். வீட்டுக்கு வந்து அழுகிறாள். இது தண்டனையா?
— ஒரு தாய், சேலம்

அழுகையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள், அம்மா. அந்த வயதில் ஐவரில் பெயர் வாசிக்கப்படுவது பெரிய விஷயம். ஆனால் தண்டனையா என்று தெரிந்துகொள்ள மூன்றைக் கவனியுங்கள். மொத்த நிமிடம் குறைந்திருக்கிறதா? ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் களத்தில் இருக்கிறாளா? உள்ளே போகும்போது பந்து அவள் கைக்கு முன்பைவிட அதிகம் வருகிறதா? 22 நிமிடம் 20 ஆகி, கடைசி நிமிடங்களில் அவளே நிற்கிறாள் என்றால், கோச் அவளை நம்பித்தான் இடம் மாற்றியிருக்கிறார். 22 நிமிடம் 8 ஆகிவிட்டது என்றால் அது இறக்கம். அதை வேறு பெயரில் அழைத்து ஆறுதல் சொல்வதில் பயனில்லை.

கோச்சிடம் அவளே போய்ப் பேசட்டும். ஆட்டம் முடிந்த சூட்டில் வேண்டாம், அடுத்த பயிற்சிக்கு முன். "என்னை ஏன் எடுத்தீங்க?" என்பதைவிட, "நான் உள்ளே போகும்போது முதல் இரண்டு நிமிடத்தில் என்ன செய்யணும் சார்?" என்று கேட்பது நல்லது. பதில் தெளிவாக இருந்தால், உதாரணமாக 'எதிரணி பாயிண்ட் கார்டை முழு நீளமும் அழுத்து' என்று வந்தால், அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. பதிலே வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டியது அப்போதுதான். என்ன வேலை, எத்தனை நிமிடம் என்று தெரியாமல் பெஞ்சில் உட்காரவைப்பதுதான் நல்ல ஆட்டக்காரர்களை உடைக்கிறது.

அவளுக்கு மனு ஜினோபிலியின் கணக்கைச் சொல்லுங்கள். சான் அன்டோனியோவுக்காக ஆடியது 1057 ஆட்டம், தொடங்கியது 349. நான்கு கோப்பை, 2004 ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்காகத் தங்கம், 2022இல் ஹால் ஆஃப் ஃபேம்.

பிளஸ்-மைனஸ் என்கிறார்களே, அதைக் கணினி இல்லாமல் போட முடியுமா? யார் தொடங்க வேண்டும் என்பதை அது சொல்லுமா?
— உடற்கல்வி ஆசிரியர், நாமக்கல்

ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி எடுத்த புள்ளியிலிருந்து கொடுத்த புள்ளியைக் கழித்தால் வருவதுதான் பிளஸ்-மைனஸ். ஒரு நோட்டும் ஒரு பொறுப்பான மாணவரும் போதும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நேரம், ஸ்கோர், உள்ளே போனவர், வெளியே வந்தவர் நான்கையும் எழுத வேண்டும். ஒருவர் 8-10 என்ற நிலையில் உள்ளே போய் 19-15இல் வெளியே வந்தால், அந்த இடைவெளியில் நாம் எடுத்தது 11, கொடுத்தது 5, எனவே +6. ஃப்ரீ த்ரோக்களுக்கு நடுவே மாற்றம் நடந்தால், அந்தப் புள்ளியை ஃபவுல் நடந்தபோது களத்தில் இருந்தவர் கணக்கில் சேர்ப்பது நியாயம்.

ஓர் ஆட்டத்து எண்ணை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். நல்ல ஆட்டக்காரரோடு எப்போதும் சேர்ந்து நிற்பவருக்கு ஓசியில் பிளஸ் கிடைக்கும். எதிரணி மூன்று த்ரீ பாயிண்டரைத் தொடர்ந்து போட்டால், ஒரு தப்பும் செய்யாதவருக்கு மைனஸ் 9 விழும். ஐந்து பேர் கூட்டணியாகக் கணக்கிட்டால் பள்ளி சீசனில் எந்தக் கூட்டணிக்கும் போதுமான நிமிடம் சேராது. ஆகவே இருவர் இருவராகக் கணக்கிடுங்கள். எந்த ஜோடி சேர்ந்து நிற்கும்போது புள்ளி ஏறுகிறது, எந்த ஜோடி சேரும்போது வடிகிறது என்பது பத்து ஆட்டத்தில் ஓரளவு தெரியும். 20 புள்ளி வித்தியாசமாகிவிட்ட கடைசி நிமிடங்களை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

யார் தொடங்க வேண்டும் என்று இது நேரடியாகச் சொல்லாது. யாரை யாரோடு சேர்த்து நிறுத்தக் கூடாது என்று நன்றாகவே சொல்லும்.

டிப்-ஆஃபை வெல்ல வேண்டும் என்பதற்காகவே உயரமானவரைத் தொடக்கத்தில் வைக்கலாமா?
— வாசகர், காஞ்சிபுரம்

வேண்டாம். ஃபிபாவில் நடுவர் பந்தை மேலே எறிய இருவர் துள்ளித் தட்டும் ஜம்ப் பால் தொடக்கத்தில் அந்த ஒன்றுதான். அதில் பந்து கிடைக்காத அணிக்கு அடுத்த மாற்று உடைமை (இரு அணிக்கும் மாறி மாறிப் பந்து தரும் முறை) போய்விடும். என்பிஏவிலும் டிப்பில் தோற்ற அணிக்கு இரண்டாவது, மூன்றாவது குவார்ட்டர் தொடக்கத்தில் பந்து கிடைக்கும். ஒரு பந்துக்காக ஆறு நிமிடத்தை அடகு வைப்பதில் பொருளில்லை.

பெஞ்சிலிருந்து போனால் முதல் இரண்டு ஷாட் எப்போதும் தவறுகிறது. கால் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. வழி உண்டா?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

ஆட்டத்துக்கு முன் ஏறிய உடல் சூடு, பத்து பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் கணிசமாக இறங்கிவிடும். டிராக் பேண்ட்டையும் மேல்சட்டையையும் கழற்றாமல் உட்காருங்கள். முழங்கால் மேல் ஒரு துண்டு. உட்கார்ந்த இடத்திலேயே கணுக்காலைச் சுழற்றுவதும் குதிகாலை ஏற்றி இறக்குவதும் யாரும் தடுக்காதவை. நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெட்ச் அப்போது வேண்டாம், அது துள்ளலைக் குறைக்கும். இடைவேளை 15 நிமிடம். அதில் கடைசி மூன்று நிமிடத்தையாவது களத்தில் செலவிட்டு, இரண்டு மூன்று முழு வேக ஓட்டமும், நீங்கள் ஆட்டத்தில் எறியும் இடத்திலிருந்தே பத்துப் பன்னிரண்டு ஷாட்டும் எடுத்துவிடுங்கள்.

உள்ளே போனதும் முதல் தொடுதலையே த்ரீ பாயிண்டராக ஆக்காதீர்கள். முதலில் ஒரு ஸ்கிரீன் (தடுப்பவரின் வழியை மறித்து நிற்பது), ஒரு கட் (கூடையை நோக்கித் திடீர் ஓட்டம்), ஒரு பாக்ஸ்-அவுட் (ரீபவுண்டுக்காக எதிராளியை முதுகால் மறிப்பது). கூடைக்கு அருகில் ஒன்றோ ஃப்ரீ த்ரோ ஒன்றோ விழுந்தபின் தூரத்துக்குப் போங்கள். பெஞ்சில் இருக்கும்போது நீங்கள் யாரைக் காக்கப் போகிறீர்களோ அவரை மட்டும் பாருங்கள்: எந்தக் கையால் டிரிபிள் செய்கிறார், ஸ்கிரீனுக்குப் பின் எறிகிறாரா ஓடுகிறாரா என்று. கூடவே, உங்கள் அணிக்கு அந்தக் குவார்ட்டரில் எத்தனை ஃபவுல் ஆகியிருக்கிறது என்றும் பாருங்கள். நான்கு ஆகிவிட்டதென்றால், நீங்கள் உள்ளே போய்ச் செய்யும் முதல் ஃபவுலே எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.